‘கடைசி பஸ்’: நான் எழுதிய முதல் பியானோ இசை, கேட்டுவிட்டுச் சொல்லுங்களேன்

அரைக்கட்டை | சனி, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தவன். இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

நாலு மாதமாக, வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதியது இது. ஏ மைனர். நம் கணக்கில் ஆறு கட்டை சுருதி, ராகத்தில் கீரவாணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 பார் (பாருக்கு நாலு எண்ணிக்கை), டெம்போ நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை, மூன்றரை நிமிடம் ஓடும். ஊர் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருப்பதுதான் விஷயம். ஆடியோ, நோட்டு எழுதிய ஷீட், எந்தக் கட்டை எப்போது விழுந்தது என்று கம்ப்யூட்டர் பதிந்த மிடி, மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

எப்படி இருக்கிறது? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


புதுவிரல் | சனி, இரவு 10:05

சூப்பர் நண்பா! ஆரம்பமே புல்லரித்துவிட்டது. இன்னும் நிறைய எழுதுங்கள்.


வன்னிக்காற்று | ஞாயிறு, காலை 6:31

நல்லா இருக்கு தம்பி. இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில் காருக்குள் இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் தலைப்பைப் பார்க்கவில்லை. யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டு வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல ஒரு படம் வந்தது. பஸ் வரவில்லை! அது குறை இல்லை, எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

நடுவில் ஓரிடத்தில் தாளம் இடறியது. பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று விளங்கவில்லை. கடைசியில் மேலே இரண்டு தனி நோட்டு வருகிறதே, அது கை தவறிப் பட்டது போல இருந்தது.


சவுண்டு ரூம் | ஞாயிறு, முற்பகல் 11:20

‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். பந்தியில் இலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு சாம்பார் எப்படி என்று கேட்பது மாதிரி. யார் குறை சொல்வார்கள்? உப்பு சரியா, புளி தூக்கலா என்று கேளுங்கள், பதில் வரும். உங்களுக்கே எங்கேயோ சந்தேகம் இருக்கும் இல்லையா, அந்த இடத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், மிடியைத் திறந்து பார்த்தேன். வலது கையின் வெலாசிட்டி, அதாவது கட்டையைத் தட்டும் பலம், 60க்கும் 75க்கும் நடுவில் நிற்கிறது. இடது கை பல இடங்களில் 85ஐத் தாண்டுகிறது. அதாவது பாடகரைவிடப் பக்கவாத்தியம் சத்தமாக இருக்கிறது. இது எழுதியதில் உள்ள குறையா, வாசித்ததில் உள்ள குறையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கிறவர்கள் இரண்டையும் பிரித்துக் கேட்க மாட்டார்கள்.


அரைக்கட்டை | ஞாயிறு, மதியம் 1:14

நியாயம்தான் அண்ணா. சந்தேகம் மூன்று இடத்தில். 21ஆம் பாரில் உச்சத்துக்குப் போகிறேன், அது போய்ச் சேர்கிறதா? எந்த இடத்தில் சலித்தது? முடிவு முடிவாகக் கேட்கிறதா, இல்லை நின்றுபோன மாதிரி இருக்கிறதா?

வன்னிக்காற்று அண்ணே, தாளம் இடறும் இடம் 40ஆம் பார். அங்கே மட்டும் ஐந்து எண்ணிக்கை. வேண்டுமென்றே செய்தது.


தம்புரா | ஞாயிறு, மாலை 5:48

கீரவாணி என்று சொல்லிவிட்டு 33லிருந்து 40 வரை கைசிகி நிஷாதம், அதாவது சின்ன நி, உங்கள் ஜி, பிடிக்கிறீர்கள். கீரவாணிக்குக் காகலிதான், அதாவது பெரிய நி, உங்கள் ஜி ஷார்ப். கைசிகி வந்தால் நடபைரவி என்ற வேறு ராகம் ஆகிவிடும். தாய் ராக வரிசையில் 21ஆவது மேளத்திலிருந்து 20க்கு இறங்கி, காரணம் சொல்லாமல் திரும்ப ஏறுகிறீர்கள். காதில் உறுத்துகிறது. பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைப்பது, கிடையாது, ராகத்தைக் காட்ட சுரம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. அதையும் மாற்றினால் என்ன மிஞ்சும்?

இன்னொன்று. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நாலு நாலு பாராக மொத்தம் 16 சங்கதி. அதில் 11 பஞ்சமத்தில் வந்து நிற்கிறது. பஞ்சமம் நிற்க நல்ல இடம்தான். அதற்காக ஒரே திண்ணையில் 11 தடவையா உட்காருவது?


அரைக்கட்டை | ஞாயிறு, மாலை 6:10

சார், ‘கீரவாணி மாதிரி’ என்றுதான் சொன்னேன். 33இல் சி மேஜருக்குப் போகிறேன், அங்கே ஜி ஷார்ப் போட முடியாது. இது மைனர் ஸ்கேல், ராகம் இல்லை.


தம்புரா | ஞாயிறு, மாலை 6:22

அப்படியானால் கீரவாணி என்ற பேச்சை எடுத்திருக்க வேண்டாம்.


மெட்ரோநோம் | ஞாயிறு, இரவு 8:40

தம்பி, முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சைக்கு மூன்று பாட்டு, ஸ்கேல், சைட் ரீடிங் என்று ஓடுவதிலேயே அவர்கள் காலம் போய்விடும். சொந்தமாக எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை அபூர்வம். அதனால் உங்கள் ஷீட்டை அச்செடுத்து, பென்சிலோடு என் பியானோவில் வாசித்துப் பார்த்தேன். கேட்டதை மட்டும் வைத்து எழுதவில்லை.

முதலில் எனக்குப் பிடித்த இடம். 37இலிருந்து 40 வரை. வலது கை ஒற்றை நோட்டாக இறங்குகிறது, இடது கை முதல் தடவையாகச் சும்மா இருக்கிறது, அந்த ஐந்தாவது எண்ணிக்கையில் மூச்சு நிற்கிறது. அதை யார் என்ன சொன்னாலும் தொடாதீர்கள்.

இப்போது இடது கை. ஏ-ஈ-சி-ஈ, ஏ-ஈ-சி-ஈ என்று 36 பார் இடைவிடாமல் ஆல்பெர்ட்டி பேஸ், கார்டின் சுரங்களைப் பிரித்துச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் அந்த வடிவம். உங்கள் ஹெட்போனில் அது சுத்தமாகக் கேட்டிருக்கும். நிஜப் பியானோவில் அந்த இடம் கலங்கல். ஏ என்பது 110 ஹெர்ட்ஸ், மேலே உள்ள சி 131. அவ்வளவு அடியில் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு கம்பி சேர்ந்து அதிர்ந்தால் சுரமாகக் கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். அந்த சி-யை மட்டும் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) தூக்கி நடு சி-யில் வையுங்கள். ஏ, ஈ, மேலே சி. கை எட்டாது, உருட்டி வாசிக்கலாம், காலால் அழுத்தும் பெடல் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே மூன்று சுரம்தான். ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும்.

பெடலும் அப்படியே. முதல் நாலு பாரும் ஒரே பெடலில் எழுதியிருக்கிறீர்கள். ஏ மைனர், எஃப், டி மைனர், ஈ எல்லாம் ஒரே குளத்தில் விழுந்து குழம்பிவிட்டன. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போது கை இறங்கும் அதே நொடியில் கால் எழ வேண்டும், சத்தம் வந்த பிறகு கால் இறங்க வேண்டும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. ஒரு வாரம் இரண்டே கார்டை வைத்துக்கொண்டு காலுக்கு மட்டும் சாதகம் பண்ணுங்கள்.

உச்சம் போய்ச் சேர்கிறதா என்று கேட்டீர்கள். சேர்கிறது. ஆனால் 21ஆம் பாரிலேயே ஃபோர்ட்டிசிமோ, உச்சபட்ச சத்தம். 64 பாரில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே பஸ் வந்துவிட்டது. மீதி 40 பாரும் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?

ஈ கார்டில் ஏ ஃபிளாட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜி ஷார்ப் என்று இருக்க வேண்டும். கட்டை ஒன்றுதான், சத்தம் ஒன்றுதான். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதினாலும் புரியும், ஆனால் படிக்கிறவர் ஒரு கணம் தடுக்கி விழுவார். அந்த மாதிரி.

கடைசி ஏ. அது இன்னும் ஓர் ஆக்டேவ் கீழே இறங்க ஆசைப்படுகிறது. 61 கட்டை கீபோர்டில் எழுதினீர்களா? அடியில் சி-யோடு கட்டை தீர்ந்துபோயிருக்கும். நீங்கள் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கவில்லை, கீபோர்டு நிறுத்திய இடத்தில் நிற்கிறீர்கள். முடிவு ஏன் முடிவாக இல்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் அது.

மறுபாதி அந்த இரண்டு மேல் நோட்டு. எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. எடுத்துவிடலாம்.


அரைக்கட்டை | ஞாயிறு, இரவு 11:37

எல்லாருக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ராகம் தப்பு, இடது கை தப்பு, பெடல் தப்பு, உச்சம் தப்பு, ஸ்பெல்லிங் தப்பு, முடிவு தப்பு. அப்புறம் என்னதான் சரி? நாலு மாதம் தூக்கத்தை விட்டு எழுதியது. ஜெர்மன் இசைமேதை பாக், சி மேஜர் பிரலூட் என்ற தன் சின்ன இசையில் கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே கை வடிவத்தைத்தானே வாசிக்கிறார்? அவர் செய்தால் பிரலூட், நான் செய்தால் சலிப்பா?

அந்த இரண்டு நோட்டு கண்டக்டர் விசில். ரெண்டு விசில் அடித்தால் ‘போலாம் ரைட்’. பஸ்ஸில் ஏறியவர்களுக்குப் புரியும்.


புதுவிரல் | திங்கள், காலை 7:02

நான் சூப்பர் என்று சொன்னது பொய் இல்லை நண்பா. ஆனால் டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு, நான் எதையுமே கேட்கவில்லை என்று தோன்றுகிறது.


வன்னிக்காற்று | திங்கள், காலை 9:15

தம்பி, சூடாகாதேங்கோ. ரஷ்ய இசைமேதை சாய்கோவ்ஸ்கி கதை தெரியும்தானே? 1874இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான தன் முதல் பியானோ கன்செர்ட்டோவை எழுதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பியானோ கலைஞர் நிக்கொலாய் ரூபின்ஸ்டைனுக்கு வாசித்துக் காட்டினார். முதல் பகுதி முடிந்தது, ரூபின்ஸ்டைன் வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கொட்டித் தீர்த்தாராம்: ஒன்றுக்கும் உதவாது, வாசிக்க முடியாது, இரண்டு மூன்று பக்கம் தவிர மிச்சத்தை வீசிவிடு என்று. சாய்கோவ்ஸ்கி ஒரு நோட்டைக்கூட மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வருடம் ஹான்ஸ் ஃபான் பியூலோவ் என்ற ஜெர்மன் பியானோ கலைஞர் அதை பாஸ்டனில் வாசித்தார், பெரிய வரவேற்பு. பிறகு ரூபின்ஸ்டைனே அதை எடுத்து நடத்தினார். ஆகவே சொல்கிறவர்கள் சொல்லட்டும்.


மெட்ரோநோம் | திங்கள், பிற்பகல் 3:30

அந்தக் கதையை எல்லாரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாற்ற மாட்டேன் என்றவர் பின்னால் மாற்றினார். 1879இல் ஒரு தடவை திருத்தினார், அதற்கப்புறம் இன்னொரு தடவை. ஆரம்பத்தில் கட்டையின் அடியிலிருந்து உச்சி வரை இடி மாதிரி விழும் கார்டுகள் இருக்கின்றனவே, அந்தக் கன்செர்ட்டோ என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது, அது முதலில் எழுதியபோது அப்படி இல்லை. உருட்டி வாசிக்கும் கார்டாகத்தான் இருந்தது. ரூபின்ஸ்டைன் சொன்ன விதம் கொடுமை. ஆனால் பியானோ பகுதியில் வேலை பாக்கி இருந்தது உண்மை.

பாக் விஷயம். வடிவம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிச்சுரத்தை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள். அது நடந்துகொண்டே இருக்கும். 24ஆம் பாரில் ஜி-க்கு வந்ததும் எட்டு பார் அசையாமல் நிற்கும், மேலே கார்டு மட்டும் முறுக்கிக்கொண்டே போகும். அப்புறம்தான் சி-யில் இறங்கும். உங்களுடையதில் நாலு கார்டு ஒன்பது தடவை சுற்றுகிறது. வடிவம் மாறாதது குற்றம் இல்லை தம்பி, உள்ளே எதுவும் நகராததுதான் குறை.

விசில் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் எனக்கு விசில் கேட்கவில்லை. ஏன் என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன்.


சவுண்டு ரூம் | திங்கள், இரவு 10:48

ஒரு சின்ன விஷயம் பிடிபட்டது. எந்த சுரம் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அனலைசரில் ஆடியோவைப் போட்டேன். 165 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொடிக்கம்பம் மாதிரி ஒரு கோடு, பாட்டு முழுக்க. அது ஈ. இடது கையில் கட்டை விரல் விழும் இடம். ஏ மைனர் பார் ஒவ்வொன்றிலும் இடது கையில் மட்டும் நாலு ஈ, அதுவும் இருக்கிற விரல்களிலேயே கனமான விரலால். தம்புரா சார் சொன்ன பஞ்சமம் எது? ஆறு கட்டைக்குப் பஞ்சமம் அதே ஈ. வலது கை 11 தடவை அங்கே வந்து நிற்கும்போது இடது கை ஏற்கெனவே அந்தக் கட்டையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, நான் வெலாசிட்டி என்றேன், அவர் திண்ணை என்றார், டீச்சர் கலங்கல் என்றார். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் காலை இடித்துக்கொண்டிருக்கிறோம். மருந்துதான் ஆளுக்கொன்று.


தம்புரா | செவ்வாய், காலை 5:55

அது சரி. தம்பூராவில் பஞ்சமக் கம்பியை அழுத்தி மீட்டினால் பாடகர் பஞ்சமத்தில் நிற்பதே தெரியாது. அதே கதை.


அரைக்கட்டை | மறுவாரம் புதன், இரவு 10:20

ஒன்பது நாள் இந்தப் பக்கமே வரவில்லை. ஞாயிறு இரவு எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் மூன்று நாள் யார் சொன்னது தப்பு என்று நிரூபிக்க மனதுக்குள்ளேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில், குளிக்கும்போது, ஆபீஸ் மீட்டிங்கில்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு சர்ச் ஹாலில் இருக்கும் அப்ரைட் பியானோவில் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைத்தது. ஈரக்காற்றில் மரம் ஊதி, நடு சி-க்குக் கீழே ஒரு கட்டை அழுத்தினால் எழுந்து வராது. சுருதியும் சுமார்தான். அதில் என் முதல் பாரை வாசித்தேன். டீச்சர், கலங்கல் என்று நீங்கள் சொன்னது மரியாதை. சேற்றில் பஸ் சக்கரம் சுற்றுவது மாதிரி இருந்தது. சி-யை மேலே தூக்கி வாசித்தேன். ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, ‘இது நல்லா இருக்குப்பா, மொதல்ல என்ன அது’ என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

மாற்றியது: இடது கை திறந்துவிட்டது, ஆல்பெர்ட்டி இப்போது 12 பாரில் மட்டும். பஞ்சமத்தில் நிற்கும் சங்கதி 11 இருந்தது 4 ஆகிவிட்டது. இரண்டு காந்தாரத்தில், ஒன்று ரிஷபத்தில் அந்தரத்தில் தொங்குகிறது, அது எனக்கே பிடித்திருக்கிறது. ஃபோர்ட்டிசிமோ 21இலிருந்து 49க்குப் போய்விட்டது. 21இல் வெறும் ஹெட்லைட் தூரத்தில் தெரிகிறது, வேறு பஸ், நிற்காமல் போய்விடுகிறது. ஜி ஷார்ப் திருத்தியாயிற்று. கடைசி ஏ, கீழே. ஆமாம் டீச்சர், 61 கட்டைதான்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

மாற்றாதது: ஐந்து எண்ணிக்கை பார். அப்புறம் 33இல் ஜி, ஷார்ப் இல்லாமல்தான். தம்புரா சார், கீரவாணி என்ற சொல்லைத்தான் எடுத்துவிட்டேன், ஜி-யை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஸ்டாண்டில் டீக்கடை விளக்கு எரிகிறது, அதற்கு சி மேஜர் வேண்டும்.

இரண்டாவது வடிவம் இணைப்பில்.


தம்புரா | வியாழன், காலை 6:04

கேட்டேன். 33 எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் பாட்டு, உங்கள் நிஷாதம். ரிஷபத்தில் தொங்கும் சங்கதி அருமை, அதை இன்னும் ஒரு அட்சரம் நிறுத்தலாம்.


வன்னிக்காற்று | வியாழன், காலை 8:47

இந்த முறை பஸ் வந்தது.


மெட்ரோநோம் | வியாழன், இரவு 9:10

நல்ல வேலை. 49 இப்போது நியாயமாக வருகிறது. இடது கையில் 52, 53 மட்டும் இன்னும் பழைய பாசத்தில் அடியில் அடைத்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

விசில் ஏன் கேட்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். நறுக்கென்று வெட்டி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோ புள்ளி வைத்திருக்கிறீர்கள், ஆனால் பெடல் கீழேயே இருக்கிறது. பெடல் அழுத்தியிருக்கும்போது விரலை எவ்வளவு வெடுக்கென்று எடுத்தாலும் கம்பி நிற்காது. பெடலை எடுத்தாலும் அந்த உயரத்தில் பயனில்லை. பியானோவின் உச்சியில் சுமார் ஒன்றரை ஆக்டேவுக்கு, கம்பியின் அதிர்வை நிறுத்தும் டேம்பரே கிடையாது, நீங்கள் விசிலுக்கு வைத்த பி அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் விசில் வெட்டினாற்போல் நிற்க வேண்டும் இல்லையா? அதற்குக் கீழே உள்ள ஈ-க்கு இறக்குங்கள், அங்கே டேம்பர் இருக்கும். 62இன் கடைசியில் பெடலை முழுக்க எடுத்துவிடுங்கள். எடுத்துவிடலாம் என்று அன்றைக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


சவுண்டு ரூம் | வியாழன், இரவு 9:44

விசிலுக்குள் ஒரு குண்டு உருளும், அதனால்தான் அந்த ‘ர்ர்’. ஒற்றை ஈ போட்டால் கப்பல் மணி மாதிரி இருக்கும். ஈ-யும் எஃப்-பும் வேகமாக மாற்றி மாற்றி ஒரு நறுக்கு ட்ரில் போட்டுப் பாருங்கள்.


அரைக்கட்டை | வியாழன், இரவு 11:58

போட்டேன். விசில்! ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், உள்ளே இருந்து அப்பா, ‘யாருடா இந்த நேரத்துல’ என்கிறார்.

ஒரு சந்தேகம். இரண்டு விசிலும் ஒரே நீளமா?


புதுவிரல் | வெள்ளி, காலை 8:33

இதற்கு நான் பதில் சொல்லலாம்! இன்றைக்குக் காலை 7:20 பஸ்ஸில் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறு ஸ்டாப் கவனித்தேன். ஒரே நீளம் இல்லை. முதல் விசில் குட்டை, இரண்டாவது கொஞ்சம் இழுக்கிறது. கூட்டம் அதிகமானால் இரண்டுமே குட்டை.


அரைக்கட்டை | வெள்ளி, காலை 8:51

கடைசி பஸ்ஸில் கூட்டம் இருக்காது. அப்போ 63இல் அரை எண்ணிக்கை, 64இல் ஒன்று. மாற்றிவிட்டேன்.